பயொப்சி அறிக்கையில் ‘ஈ-கேட்ஹெரின் நெகட்டிவ்’ என்று இருந்தால் புற்றுநோய் பரவிவிட்டதா?

தெல்லிப்பழையில் சிகிச்சை பெறும் உங்கள் சின்னம்மாவின் மார்பகப் பயொப்சி அறிக்கையில் ‘ஈ-கேட்ஹெரின் நெகட்டிவ்’ என்றிருப்பதைக் கண்டு, கலங்களை ஒட்டிவைக்கும் புரதமே இல்லையென்றால் நோய் உடலெங்கும் பரவியிருக்குமா, நிர்ப்பீடனம் (உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல்) ஏன் அதைத் தடுக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வைத்தியன் அல்லன். யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிப்பவன். ஆயினும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: அந்தச் சொல் நோய் எவ்வளவு பரவியது என்பதைக் குறிப்பதில்லை, நோயின் வகையைக் குறிக்கிறது. மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 10 முதல் 15 வீதமானவை, பால் சுரக்கும் சிறுசோணைகளின் பெயரால் அழைக்கப்படும் லொபியுலர் வகை. அவற்றிற் பெரும்பாலானவை இந்தப் புரதத்தை இழந்தவை.

உறுப்புகளின் மேற்பரப்பையும் உட்பரப்பையும் போர்த்தும் மேலணிக் கலங்கள் முதலியவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் கேட்ஹெரின் புரதக் குடும்பத்தை 1980களில் இனங்கண்டு பெயரிட்டவர் ஜப்பானிய உயிரியலாளர் மசாதோஷி தாக்கேச்சி. கல்சியம் இருந்தாற்றான் அந்தப் பிணைப்பு நிலைக்கும். ஈ-கேட்ஹெரின் வெளியே அயற்கலத்தைப் பற்றியபடி, உள்ளே பீற்றா-கற்றெனின் போன்ற புரதங்களின் வழியாகக் குழியவன்கூட்டோடு, அதாவது கலத்துக்கு வடிவம் தரும் உட்சட்டத்தோடு, இணைந்திருக்கும். அது இல்லாதபோது கலங்கள் கட்டியாகத் திரளாமல் ஒற்றை வரிசையில் இழையத்துக்குள் ஊடுருவுகின்றன. இவ்வகை நோய் கைக்கும் மமோகிராமுக்கும் எளிதில் அகப்படாமைக்குக் காரணம் இதுவே.

ஆனால் ‘பிடி விட்டால் பரவும்’ என்ற சூத்திரம் முழு உண்மையன்று. 2019இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொரு மார்பகப் புற்றுவகையின் எலி மாதிரிகளில் ஈ-கேட்ஹெரினை நீக்கியபோது, ஊடுருவல் கூடியது. ஆனால் அக்கலங்கள் பிழைத்திருக்கும் ஆற்றலும் தொலைவில் புதிய கட்டி அமைக்கும் ஆற்றலும் குறைந்தன. பயணத்திலும் கலத்துக்குத் துணை வேண்டியிருக்கிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நிர்ப்பீடனமும் ஒட்டுதலாலேயே இயங்குகிறது. குருதியில் ஓடும் ரி-கலம் என்ற வெண்கலம், தன் எல்எஃப்ஏ-1 புரதத்தால் குருதிக்கலன் சுவரிலுள்ள ஐகாம்-1 என்ற புரதத்தைப் பற்றினால்தான் நின்று, சுவரைக் கடந்து கட்டிக்குள் நுழைய முடியும். புதிய குருதிக்கலன்களை வளர்க்கக் கட்டிகள் சுரக்கும் விஈஜிஎஃப் என்ற புரதம் அந்த ஐகாம்-1ஐக் குறைத்துவிடுவதால், போரிட வல்ல கலங்கள் பல உள்ளே நுழையாமலே வாசலைக் கடந்து போய்விடுகின்றன. உள்ளே வந்தவற்றுள் சில, சிடி103 என்ற மூலக்கூறால் புற்றுக்கலத்தின் ஈ-கேட்ஹெரினையே பற்றித் தாக்குகின்றன. அப்புரதம் இல்லாத கட்டியில் இந்தப் பிடி கிடைப்பதில்லை. மறுபுறம், அதே ஈ-கேட்ஹெரின் தாக்கவந்த கலத்திலுள்ள கேஎல்ஆர்ஜி1 என்ற ஏற்பியில் இணைந்து அக்கலத்தை அடக்கவும் செய்கிறது. ஆகவே அது இருப்பது நன்மையா தீமையா என்று ஒரே சொல்லில் தீர்க்க முடியாது.

குடும்பத்தில் எவருக்கேனும் இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இப்புரதத்துக்குரிய பரம்பரை அலகின் விகாரம் மரபாகக் கடத்தப்பட்டு இரைப்பைப் புற்றுநோய்க்கு இடமளிக்கலாம் என்பது 1998இல் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிக் குடும்பங்களில் கண்டறியப்பட்டது. மற்றபடி, அடுத்த கிளினிக்கில் நிணநீர்க் கணுக்களின் நிலை, கட்டியின் அளவு, ஈஆர், பிஆர் (ஹோர்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (கலவளர்ச்சியைத் தூண்டும் புரதம்) ஆகிய சோதனைகளின் முடிவுகள் ஆகியவற்றைக் கேளுங்கள். சிகிச்சை பெரும்பாலும் அவற்றைக் கொண்டே தீர்மானிக்கப்படும்.