மலைக்குளிரில் கிளம்ப மறுக்கும் டீசல் ஜீப்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களிடம் 1990-களின் நடுவில் வாங்கிய டீசல் ஜீப் ஒன்று இருக்கிறது. காய்கறி ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய் இரவு அங்கேயே தங்கினால், மறுநாள் காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. உதகையில் வீட்டு வாசலில் நிறுத்தினால், குறிப்பாக டிசம்பர், ஜனவரி மாதங்களில், நான்கைந்து முறை செல்ஃப் அடித்தும் வெள்ளைப் புகையைத் தள்ளுகிறதே தவிர, இன்ஜின் பிடிப்பதில்லை. பிடித்த பிறகும் சில நிமிடங்கள் குலுங்கியபடியே ஓடுகிறது. வெயில் ஏறிய பின் எந்தக் குறையும் இல்லை. மெக்கானிக் கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்த்துவிட்டு, சதுர சென்டிமீட்டருக்கு 21 கிலோதான் காட்டுகிறது, இன்ஜினை இறக்கி பிஸ்டன் ரிங், சிலிண்டர் லைனர் மாற்றியாக வேண்டும் என்கிறார். செய்துவிடலாமா?
வாசகர், உதகமண்டலம்

பதில்: இப்போதைக்கு இறக்க வேண்டாம். உங்கள் மெக்கானிக் எடுத்த அளவு சரியாகவே இருக்கலாம். அதை எதனோடு ஒப்பிட்டார் என்பதில்தான் எனக்கு ஐயம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்கை ஒட்டியதுதான். சிலிண்டருக்குள் போகும் காற்றே அந்த அளவுக்கு மெலிந்திருப்பதால், சென்னையில் 28 கிலோ காட்டக்கூடிய நல்ல இன்ஜின் உங்கள் ஊரில் 21 அல்லது 22 கிலோதான் காட்டும். கையேட்டில் அச்சிட்ட எண்ணை மலையில் எடுத்த அளவோடு நேராக ஒப்பிட்டு இன்ஜினுக்குத் தீர்ப்பு எழுதுவது முறையாகாது. நான்கு சிலிண்டர்களும் 21-ஐ ஒட்டியே இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. மூன்று 21 காட்டி, ஒன்று மட்டும் 15 காட்டினால் அந்த ஒன்றில் கோளாறு இருக்கிறது. எனவே அவரிடம் நான்கு எண்களையும் தனித்தனியே கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, குளிர். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அமுக்குவதால் பிறக்கும் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். உள்ளே வரும் காற்று 25 டிகிரி கூடுதலாகக் குளிர்ந்திருந்தால், அமுக்கி முடிக்கும்போது அந்தக் குறை இரண்டு மடங்கிற்கும் மேலாகப் பெருகிவிடுகிறது. மகிந்திரா ஜீப்புகளில் வந்த பூஜோ வழி 2112 சிசி இன்ஜின், டாடா சுமோவின் தொடக்கக் கால 1948 சிசி இன்ஜின் போன்றவற்றில் டீசல் நேராக சிலிண்டரில் பாயாமல், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டில் உள்ள ஒரு சிறிய முன்னறையில் பாய்ந்து பற்றுகிறது. அந்த அறையின் குளிர்ந்த சுவர், காற்றில் பிறந்த சூட்டைப் பெருமளவு உறிஞ்சிவிடும். அதை ஈடுகட்டத்தான் ஒவ்வோர் அறையிலும் ஒரு ஹீட்டர் பிளக் வைத்தார்கள். மேட்டுப்பாளையத்தின் கதகதப்பில் இரண்டு பிளக் செத்திருந்தாலும் வண்டி அதைக் காட்டிக்கொடுக்காது, உதகையில் காட்டிக்கொடுத்துவிடும்.

நீங்கள் எழுதியவற்றில் மிகவும் பயனுள்ள செய்தி வெள்ளைப் புகைதான். கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை, பற்றாமல் ஆவியாக வெளியேறும் டீசல். ஆகவே டீசல் இன்ஜினுக்கு வந்து சேர்கிறது, அதைப் பற்றவைக்கச் சூடு போதவில்லை என்பது உறுதியாகிறது. தொட்டி, ஃபில்டர், ஃபீட் பம்பு ஆகியவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம். (ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் மட்டும், ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டையும் சந்தேகிக்க வேண்டும்.)

முதலில் பேட்டரியும் செல்ஃபும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால், அமுக்கும் காற்று ரிங் இடுக்கில் கசியவும், சூடு சுவரில் இறங்கவும் நேரம் கிடைத்துவிடும். பிறகு மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. உறைபனிக் காலையில் பேட்டரியின் வலுவும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கும். இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் இருப்பது நல்லது, 12.2 என்றால் பாதிச் சார்ஜ்தான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பேட்டரி நன்றாக இருந்தும் சுற்று மந்தமாக இருந்தால், மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் துருப்பிடித்துக் கிடக்கிறது என்று பொருள். பழைய வண்டிகளில் புது பேட்டரி வாங்கியும் தீராத பல தொல்லைகளுக்கு இந்தக் கேபிள்தான் காரணம். ஆயில் குடிக்கும் இன்ஜின் என்று சொல்லி யாராவது கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றியிருந்தால், மலையில் அதை மாற்றி 15டபிள்யூ-40 ஊற்றுங்கள். கிளட்சை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால், கியர்பாக்ஸில் உறைந்தாற்போல் இருக்கும் ஆயிலைச் சுற்றும் சுமையும் குறையும்.

அடுத்து ஹீட்டர் பிளக். என் சந்தேகமெல்லாம் இங்கேதான், ஏனெனில் பிடித்த பின் குலுங்கி ஓடுவது, ஓரிரண்டு சிலிண்டர்கள் மட்டும் தாமதமாக விழித்துக்கொள்வதன் அடையாளம். டாஷ்போர்டில் விளக்கு எரிந்து அணைவதை நம்பாதீர்கள். பல வண்டிகளில் அது நேரத்தை எண்ணுகிறதே தவிர, பிளக் சூடானதைப் பார்ப்பதில்லை. சாவியை ஹீட்டர் நிலையில் வைத்து, நான்கு பிளக்குகளையும் இணைக்கும் பட்டையில் மின்சாரம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, சாவி ஸ்விட்ச் என்று பின்னோக்கித் தேட வேண்டும். வருகிறது என்றால் பட்டையைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு டெஸ்ட் லாம்பை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் உள்ளே கம்பி அறுபடவில்லை. எரியாவிட்டால் அந்த பிளக் செத்துவிட்டது. கிளாம்ப் மீட்டர் உள்ள எலக்ட்ரீஷியன் கிடைத்தால் இன்னும் எளிது: ஒவ்வொரு பிளக்கும் ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும் என்பதால், மொத்த ஆம்பியர் கால்பங்கு குறைந்தால் ஒன்று போயிற்று, பாதியானால் இரண்டு போயின என்று வண்டியில் எதையும் கழற்றாமலேயே சொல்லிவிடலாம்.

செத்த பிளக்கைக் குளிர்ந்த ஹெட்டில் பலம்கொண்ட மட்டும் திருகாதீர்கள். முறிந்து உள்ளே நின்றுவிட்டால் ஹெட்டையே இறக்க நேரும். துரு இளக்கும் ஆயிலை முந்தைய இரவே விட்டு, இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது மெல்லக் கழற்ற வேண்டும். கழற்றிய பிளக்கின் நுனி கருகி உருகியிருந்தால், அந்தச் சிலிண்டருக்கு டீசலைத் தூவும் நாசில் சரியாகத் தூவாமல் ஒழுகுகிறதா என்று பம்புக் கடையில் சோதியுங்கள். இல்லையேல் புதிய பிளக்கும் அதே கதிக்கு ஆளாகும். கடையில் வாங்கும்போது பழையதில் பொறித்த வோல்ட் எண்ணையே கேட்டு வாங்குங்கள், பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதை நம்பி வாங்க வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்து குறை தீரவில்லை என்றால், டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் இடையே விடும் சிறு இடைவெளி) பார்க்கச் சொல்லுங்கள். அது இறுகிப்போனால் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். அரை மணி நேர வேலைதான். அதன் பிறகு பம்பு டைமிங். டீசல் தாமதமாகப் பாய்ந்தாலும் குளிரில் இதே வெள்ளைப் புகைதான் வரும். அதற்கும் பிறகு, நான்கு எண்களில் ஒன்று தனியே தாழ்ந்திருந்தால், அல்லது ஆயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று வந்தால், அப்போது மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: என் பழைய டீசல் வேன் இரவில் நின்றால் காலையில் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் ஸ்டார்ட் ஆவதில்லை, புகையும் வருவதில்லை. ஃபில்டர் மேலுள்ள கைப் பம்பை அழுத்திவிட்டு அடித்தால் உடனே பிடிக்கிறது. ஹீட்டர் பிளக் நான்கையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது.
வாசகர், கொடைக்கானல்

பதில்: ஹீட்டர் பிளக்குக்கு ஆன செலவு வீண்தான். புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டரை எட்டவில்லை. கைப் பம்பை அழுத்தியதும் பிடிப்பதால், இரவில் எங்கோ காற்று நுழைந்து, குழாயில் நிற்க வேண்டிய டீசல் தொட்டிக்கே திரும்பிவிடுகிறது என்று கொள்ளலாம். இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பம்புக்கு முன்னால் உள்ள குழாயில் டீசல் உறிஞ்சி இழுக்கப்படுவதால், ஓட்டை இருந்தாலும் ஒரு சொட்டுகூட வெளியே கசியாது. காற்றுதான் உள்ளே போகும். கீழே ஈரம் இல்லை, ஆகவே கசிவு இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே ஒரு சாண் நீளத்துக்கு ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, இன்ஜின் ஓடும்போது குமிழி வருகிறதா என்று பாருங்கள். உறுதிப்படுத்த வேறொரு வழியும் உண்டு. சிறு கேனில் சுத்தமான டீசல் நிரப்பி, பம்பைவிட உயரமாகக் கட்டி, அதிலிருந்து நேராகப் பம்புக்குக் குழாய் கொடுத்து ஓர் இரவு விட்டுவையுங்கள். காலையில் ஒரே செல்ஃபில் பிடித்தால் பம்பு நன்றாக இருக்கிறது, கோளாறு அதற்கு முன்னால்தான். அப்போது செம்பு வாஷர்கள், ஃபில்டர் ரப்பர் வளையம், கிளிப் இறுக்கிய ரப்பர் குழாய்கள், கைப் பம்பு ஆகியவற்றை வரிசையாக மாற்றிக்கொண்டு வாருங்கள். நாசில்களின் மேல் ஓடும் மெல்லிய ரிட்டர்ன் குழாய் வெடித்திருந்தாலும் காற்று ஏறும். அது விலை குறைந்தது என்பதால் முதலிலேயே மாற்றிவிடலாம். அந்தக் கேனும் பயன்படவில்லை என்றால், சாவி போடும்போது பம்பின் ஸ்டாப் சாலனாய்டு (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) ‘டக்’ என்று ஒலிக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

கேள்வி: குளிரில் டீசல் உறைந்துவிடுகிறது என்று சொல்லி எங்கள் டிரைவர் தொட்டிக்கு அடியில் காகிதம் கொளுத்துகிறார். ஏர் கிளீனரில் ஈதர் ஸ்பிரேயும் அடிக்கிறார். சரியா?
வாசகர், கூடலூர்

பதில்: இரண்டையும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஹீட்டர் பிளக் பழுக்கக் காய்ந்திருக்கும் இன்ஜினில் ஈதர் போனால், பிஸ்டன் மேலே ஏறும் வழியிலேயே வெடித்து ரிங்கை உடைக்கும். டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும் வெப்பநிலை குளிர்காலத்தில் 6 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது டீசலுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 1460. புல்லின் மேல் உறைபனி படிந்தாலும், தொட்டி நிறைய இருக்கும் டீசல் அவ்வளவு விரைவில் அந்த நிலைக்குக் குளிர்வதில்லை. லடாக் கதை வேறு. அங்கே இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-இல் மைனஸ் 33 டிகிரி வரை இறுகாத தனி டீசலையே கொண்டுவந்தது. மெழுகுதான் காரணம் என்றால் வண்டி ஸ்டார்ட் ஆகி, சில நிமிடம் ஓடி, இழுவை குறைந்து நிற்கும். அப்படி நின்றால் வெந்நீரில் நனைத்த துணியை ஃபில்டர் மேல் சுற்றினால் போதும். ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் மேலே உதகை வாசகருக்கு எழுதிய வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்.