தொண்டு நிறுவனக் கூட்டமைப்பை யார் நடத்துவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டெல்டா மாவட்டங்களிலிருந்து, சிறு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்புகளைப் பற்றியவை. ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் கூட்டமைப்பில் 12 நிறுவனங்கள். அவற்றில் பெரிய நிறுவனத்தை நடத்தும் ஐயாதான் ஏழு வருடமாக ஒருங்கிணைப்பாளர். நல்ல மனிதர், ஆனால் எல்லாமே அவர் வழியாகத்தான் நடக்கிறது. மாறச் சொன்னால் மனம் நோகுமே? (மன்னார்குடி வாசகி)

ஆளை மாற்றுவதிலிருந்து தொடங்காதீர்கள். அவர் கையில் என்னென்ன இருக்கிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள். அதிகாரிகளின் தொடர்பு, நிதி தருபவர்களின் மெயில், வங்கிக் கணக்கு, கூட்டம் கூட்டும் உரிமை எல்லாம் இருக்கும். இந்த நான்கும் ஒரே மேஜையில் இருக்கும்வரை, அங்கே யார் வந்து உட்கார்ந்தாலும் இதே கதைதான்.

நாகப்பட்டினத்தை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த சில வாரங்களில் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் உதவிக்கு வந்து இறங்கின. பழைய துணி சாலையோரம் குவிந்து கிடந்தது. ஆனால் கடலுக்குப் போகாத கூலிக் குடும்பங்கள் பலவற்றுக்கு உதவி சரியாகப் போய்ச் சேரவில்லை. அப்போது ஸ்நேகா என்ற தொண்டு நிறுவனமும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸும் முன்னின்று, மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு ஒரு ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. 2005 ஜனவரித் தொடக்கத்திலேயே அது கலெக்டர் அலுவலகத்தில் இயங்க ஆரம்பித்துவிட்டது. மற்ற நிறுவனங்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள், எது விடுபட்டிருக்கிறது என்ற தகவலைத் திரட்டி எல்லோருக்கும் கொடுத்தது. அந்தத் தகவல் பயன்பட்டதால்தான் நிறுவனங்கள் அதைத் தேடி வந்தன.

அதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். படகுகள் தேவைக்கு மேல் கொடுக்கப்பட்டதை யாராலும் தடுக்க முடியவில்லை. கையில் பணமும், அதைச் செலவழிக்க ஒரு கெடுவும் இருக்கிற நிறுவனத்திடம் வெறும் தகவல் ஓரளவுக்குத்தான் எடுபடும்.

உங்கள் கூட்டமைப்பில் இப்படிச் செய்து பாருங்கள். அந்த நான்கு வேலைகளையும் நான்கு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். கலெக்டர் அலுவலகத்துக்கு எப்போது போனாலும் இருவராகப் போங்கள், அதில் ஒருவர் புதியவராக இருக்கட்டும். ஐயாவிடம் இதை முதலில் தனியாகப் பேசுங்கள். ஏழு வருடம் சுமந்தவர்களில் பலர் இறக்கி வைக்க ஓர் இடம் தேடிக்கொண்டிருப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

எங்களில் ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு (வெளிநாட்டு நிதி வாங்குவதற்கான அரசுப் பதிவு) இருக்கிறது. அது வெளிநாட்டு நிதியை வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்துத் தரலாமா? (நாகப்பட்டினம் வாசகர்)

முடியாது. 2020 செப்டம்பரில் வந்த சட்டத்திருத்தம் இதை முழுவதும் நிறுத்திவிட்டது. வாங்குகிற நிறுவனத்துக்கும் பதிவு இருந்தால்கூடக் கைமாற்றக் கூடாது. அதே திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. கூட்டமைப்புகளுக்கு இது இரண்டாவது அடி. ஒருங்கிணைப்பு என்பதே சம்பளம், பயணம், கூட்டம்தான், அதில் பெரும்பகுதி நிர்வாகச் செலவுக் கணக்கில்தான் போய் விழும்.

சிலர், "பயிற்சி நடந்ததாக பில் போட்டுக் கொடுத்துவிடலாம்" என்பார்கள். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரு நிறுவனத்தின் பதிவு ரத்தானால் அதை நம்பியிருக்கும் ஊர்கள்தான் தவிக்கும். பதிவு உள்ள நிறுவனம் தன் பெயரில் தானே வேலையைச் செய்யட்டும், மற்றவர்கள் ஊர் அறிவையும் தொடர்பையும் தரட்டும். அப்புறம், உள்நாட்டு நிதியைத் தேடுங்கள். சி.எஸ்.ஆர். நிதி, அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்காகத் தரும் நிதி, வாங்கி வேலை செய்ய 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு வேண்டும், உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் அதை முடித்து வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு நன்கொடையை ஒரு அறக்கட்டளை இன்னொன்றுக்குத் தரலாம். ஆனால் வருமான வரிக் கணக்கில் அதில் 85 சதவீதத்தைத்தான் செலவாக எடுத்துக்கொள்வார்கள், தருவதற்கு முன்பே ஆடிட்டரைக் கேளுங்கள்.

எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஆண்டுச் சந்தா ஒன்றும் வையுங்கள். சொந்தக் காசு போட்டவர் கணக்குக் கேட்பார். அந்தக் கேள்வி உங்களுக்குத் தேவை.

எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் தீர்மானம் என்று வைத்திருக்கிறோம். ஒரு பேனர் வாசகத்துக்கு மூன்று கூட்டம் ஆகிறது. (திருவாரூர் வாசகர்)

பேனருக்குக் கூட்டமே வேண்டாம், பொறுப்பாளர் முடிவு செய்யட்டும். பணம், புதிய உறுப்பினர், கூட்டமைப்பின் பெயரில் போகும் அறிக்கை ஆகிய மூன்றுக்கு மட்டும் எல்லோருடைய சம்மதத்தையும் கேளுங்கள். "எனக்கு உடன்பாடில்லை, ஆனால் தடுக்கவும் மாட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அதை மினிட்ஸில் அப்படியே எழுதுங்கள்.

ஒரே கிராமத்தில் இரண்டு உறுப்பு நிறுவனங்கள். இருவரும் "இது எங்கள் ஊர்" என்கிறார்கள். (வேதாரண்யம் வாசகி)

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்த பிறகு நான் ஒரு கூட்டமைப்போடு இருந்தேன். ஒரு தெருவுக்கு இரண்டு முறை தார்ப்பாய் போனது, பின்தெருவுக்கு ஒன்றுகூடப் போகவில்லை. இரண்டு நிறுவனங்களிடமும் நல்ல பட்டியல் இருந்தது, ஆனால் ஒருவர் பட்டியலை மற்றவர் பார்த்ததே இல்லை. அன்று அந்தப் பின்தெருவில் ஒரு பாட்டி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "எங்க தெரு உங்க லிஸ்ட்ல இல்லியா தம்பி?"

ஆகவே ஊரைப் பிரிப்பதற்கு முன் பட்டியல்களைச் சேருங்கள். தெருவாரியாக ஒரே தாளில் எழுதி, ஊரில் வைத்தே படித்துக் காட்டுங்கள். கடலோர ஊர் என்றால் ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கேட்காமல் எதுவும் நகராது, கேட்கவும் வேண்டும். ஆனால் அது பெரும்பாலும் மீனவக் குடும்பத்து ஆண்களின் சபை. பெண்களிடமும், அருகிலுள்ள தலித் குடியிருப்பிலும் தனியாகப் போய்க் கேளுங்கள். இதை விட்டுவிட்டால் உங்கள் இரண்டு நிறுவனங்களும் சமாதானமாகி, சேர்ந்தே அதே வீடுகளை விட்டுவிடும்.

கூட்டத்தில் இயக்குநர்கள்தான் பேசுகிறார்கள். களப்பணியாளர்கள், முக்கியமாகப் பெண்கள், வாயே திறப்பதில்லை. (சீர்காழி வாசகர்)

கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு நடக்கிறது? நகரத்து ஓட்டல் அரங்கில் மாலை நான்கு மணிக்கு என்றால், கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டிருப்பவர் எப்படிப் பேசுவார்? ஏதாவது ஓர் ஊரின் சமுதாயக் கூடத்தில் காலை பதினொரு மணிக்கு வையுங்கள். முதல் ஒரு மணி நேரம் களத்திலிருந்து வந்தவர்கள் மட்டும் பேசட்டும், இயக்குநர்கள் குறிப்பெடுக்கட்டும். மூன்று மாதம் செய்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.