பிளைவுட்டை இரும்புல முடுக்கறது: கேட்டதுக்கெல்லாம் பதில்

கரூர்ல பஸ் பாடி பட்டறைல ஃப்ளோர் வேலை பாத்தவன்ங்கறதால பிளைவுட்டு, இரும்பு சமாச்சாரம் எதுன்னாலும் என்னைய மாட்டி உடறாங்க. சரி, வந்ததுக்கெல்லாம் ஒட்டுக்கா பதில் போட்டுடறேன்.

திருப்பூர்: ஏனுங்ணா, கட்டிங் டேபிளுக்கு 16 கேஜ் ஸ்கொயர் டியூப் மேல 18 எம்எம் பிளைவுட்டு போட்டு, தானே ஓட்டை போட்டு எறங்கற செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ முடுக்கினோம். எவ்வளவு முடுக்கினாலும் நடுவுல அரை நூல் கேப்பு நிக்குது. ஸ்க்ரூ சைஸ் பத்தலீங்களா?

பதில்: சைஸ் இல்லீங் தம்பி, மரை ரெண்டு எடத்துல கடிக்குது, அதான் வினை. முனை டியூப்புல ஓட்டை போட்டுட்டிருக்கற நேரத்துல ஸ்க்ரூ கீழ எறங்காது, ஆனா மரை பிளைவுட்டுக்குள்ள சுத்திக்கிட்டே இருக்குமில்ல, அது பலகைய மேல தூக்கி உட்டுடும். பொறவு மரை இரும்பையும் பிடிச்சுக்கிச்சுன்னா ரெண்டுலயும் ஒரே வேகத்துல எறங்கும், கேப்பு அப்படியே பூட்டிக்கும். மேல இருக்கற பொருள்ல மரை பிடிக்கவே கூடாதுங்க, அதைத் தலைதான் அமுக்கணும். 10 நம்பர் ஸ்க்ரூ, அதாவது 4.8 எம்எம்னா, பிளைவுட்டுல மட்டும் 5.5 பிட்டுல லூசா ஓட்டை உட்டு, கிளாம்ப் போட்டு அமுக்கிட்டு முடுக்குங்க. போட்டதைக் கழட்டி பலகை ஓட்டைய மட்டும் பெருசு பண்ணி அதே டியூப் ஓட்டைல முடுக்கினாலே உக்காந்துடும். றெக்கை வெச்ச ஸ்க்ரூ ஒண்ணு கடைல குடுப்பாங்க, அந்த றெக்கை பிளைவுட்டைக் குடைஞ்சுட்டு இரும்புல பட்டதும் ஒடைஞ்சுடணும். கனமான ஆங்கிள்ல ஒடையும். உங்க டியூப் ஒன்றரை எம்எம் சொச்சம்தான், அதுல ஒடையாம டியூப் ஓட்டையையும் சேத்துக் குடைஞ்சு வெச்சுடும், அப்பறம் மரை எதைப் பிடிக்கும்? தலை மட்டமா எறங்கட்டும், துணி மாட்டுச்சுன்னா கட்டிங் மாஸ்டர் உங்களைத்தான் திட்டுவாரு.

சோமனூர்: கருப்பு ஜிப்சம் ஸ்க்ரூ வீட்ல நெறைய கெடக்குது, போடலாங்களா?

பதில்: வேண்டாங்க. அது ஜிப்சம் போர்டுக்குன்னே செஞ்சது. கெட்டியா இருக்கும், ஆனா வளையாது, பக்கவாட்டுல ஆட்டம் வந்தா தலை டக்குனு துண்டாயிடும்.

ஈரோடு: 12 எம்எம் பிளைவுட்டு அடியில இரும்பு கிளாம்ப் மாட்டி கனமான சாமான் தொங்க உடணும். எத்தனை ஸ்க்ரூ?

பதில்: நேர் கீழ இழுக்கற லோடுக்கு 12 எம்எம்ல ஸ்க்ரூவே வேண்டாங்க. முனை போக மரை பிடிக்கறது ஒம்பது பத்து எம்எம்தான். மேலிருந்து போல்ட்டு எறக்கி, பெரிய வாசர் வெச்சு நட்டு போடுங்க. பலகையோட ஓரத்துல, அடுக்கு தெரியற பக்கம், ஸ்க்ரூ போட்டுறாதீங்க, அடுக்கு பிரிஞ்சுக்கும்.

கோபி: கருப்பு ஸ்க்ரூ ஸ்ட்ராங்குன்னு ஆசாரி சொல்றாருங்களே?

பதில்: சோமனூர்க்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

சங்ககிரி: அண்ணா கோவிச்சுக்காதீங்க. நாங்க லாரி பாடி கட்டறவங்க. ஸ்க்ரூவே வேஸ்ட்டு, எங்கயும் போல்ட்டுதான். டேபிளா இருந்தாலும் சரி.

பதில்: வாங்க, உங்களைத்தான் காணோம்னு பாத்தேன். வண்டிக்கு சரிங்க, அதிர்ற எடத்துல நானும் போல்ட்டுதான் போடுவேன். ஆனா ஸ்கொயர் டியூப்புல குறுக்கால போல்ட்டு உட்டு முடுக்கிப் பாருங்க, உள்ள வெத்து எடம், டியூப்பு நசுங்கி உள்ள போயிடும், டைட்டும் நிக்காது.

சங்ககிரி: உள்ள புஷ், அதான் குட்டி பைப் துண்டு, வெச்சு வெல்டு அடிச்சா நசுங்காதுங்ணா. அதுவுமில்லாம மரை அரைஞ்ச ஸ்க்ரூ அவ்வளவுதான், போல்ட்ட மறுபடி டைட்டு வெக்கலாம்.

பதில்: டைட்டு ஏன் வெக்க வேண்டி வருதுன்னு சொல்லுங்க பாப்போம். மழைல பலகை ஊறி உப்பும், காஞ்சா சுருங்கும், வாசர் அடியில நசுங்கின மரம் திரும்பி எந்திரிக்காது. நைலான் வளையம் வெச்ச நைலாக் நட்டு போட்டாலும் நட்டுதான் கழலாது, மரம் சுருங்கறத அது என்ன பண்ணும்? ஒரு டேபிளுக்கு அத்தனை புஷ்ஷுக்கு வெல்டு அடிக்கற கூலிய அந்தத் திருப்பூர் தம்பிகிட்டயே கேளுங்க. டியூப்புல போல்ட்டேதான் வேணும்னா ஓட்டைல சொருகி நசுக்கிப் பொருத்தற ரிவெட் நட் போடுங்க, மெல்லிசு தகட்டுக்குன்னே இருக்கறது அது.

சங்ககிரி: ரிவெட் நட் உள்ளயே சுத்திக்குங்ணா.

பதில்: ஓட்டை ஒரு சுத்து பெருசாப் போட்டா சுத்தத்தான் செய்யும்!

பொள்ளாச்சி: தோப்புல வெட்டவெளில வெக்கற ஷெட்டுக்கு?

பதில்: ஐஎஸ் 710 மெரைன் பிளைவுட்டு, எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ. 304 எஸ்எஸ் ஸ்க்ரூ இரும்புல தானா ஓட்டை போடாது, முன்னாடியே டிரில் பண்ணிக்கங்க. கருப்பு ஸ்க்ரூ அங்க ஒரு மழைக்கே துரு ஏறிடும்.

கோவை: எந்தக் கம்பெனி பிளைவுட்டு வாங்கலாம்? அப்பறம் ஜிப்சம் ஸ்க்ரூ...

பதில்: கம்பெனி கடைல கேளுங்க. இன்னொண்ணுக்கு மேல மூணு தடவை சொல்லியாச்சுங் சாமி.

அவிநாசி: ஃபெவிகால் தடவிட்டு ஸ்க்ரூ போட்டா இன்னும் பிடிக்குங்களா?

பதில்: மரத்துல பிடிக்கும், இரும்புல பிடிக்காதுங்க. பியூ (பாலியூரிதேன்) பேஸ்ட்டு போடுங்க. ஆனா டியூப்பு மேல இருக்கற பெயிண்ட தேச்சு எடுத்துட்டுப் போடணும், இல்லீன்னா பேஸ்ட்டு பெயிண்டுலதான் ஒட்டியிருக்கும், பெயிண்டு உரிஞ்சா பலகையும் கூடவே வந்துடும்.