ஸ்ட்ரைக் பண்ணா ராணுவ ஆட்சி போயிடுமா? கூடலூர் தம்பிக்கு பதில்

தம்பி, பிரேசில்ல தொழிலாளிங்க ஸ்ட்ரைக் பண்ணியே ராணுவத்த வெரட்டுனாங்கன்னு பேச்சு எழுதி வெச்சிருக்கீங்க, எஸ்டேட் கூட்டத்துல யாராச்சும் அப்ப சிலியில ராணுவ சர்வாதிகாரி பினோசே ஏன் போகலன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு கேக்குறீங்க. மொதல்ல உங்க பேச்சுல இருக்க அந்த பிரேசில் வாக்கியத்தையே மாத்துங்க.

1978 மே மாசம் சாவோ பாலோ பக்கம் ஸ்கானியா லாரி ஃபேக்டரியில வழக்கம்போல வேலைக்கு உள்ள போன ஆளுங்க மெஷின ஓட்டாம கையக் கட்டிட்டு நின்னாங்க, அது அப்படியே மத்த கம்பெனிக்கும் பரவுச்சு, 1980 ஸ்ட்ரைக்ல யூனியன் தலைவர் லூலாவ அரெஸ்ட் பண்ணாங்க. இந்தக் காட்சிய விரிவா சொல்லுங்க, நம்ம தோட்டத்து அக்காங்களுக்கு சட்டுனு புரியும். ஆனா ராணுவம் ஆட்சிய விட்டு எறங்குனது 1985ல, அதுவும் பேரம் பேசித்தான். 1979 பொதுமன்னிப்புச் சட்டத்தால சித்திரவத பண்ணவங்களும் தப்பிச்சாங்க.

சிலியிலயும் 1983ல மொத தேசியப் போராட்டத்துக்கு கூப்பிட்டது செம்புத் தொழிலாளர் யூனியன்தான். ஆனா பினோசே 1980லயே தனக்கு ஏத்தாப்ல அரசியல் சட்டம் போட்டுட்டாரு, அவரு ஆட்சியில தொடரலாமான்னு நடந்த 1988 வாக்கெடுப்புல தோத்தும் 1998 வரைக்கும் தளபதியா இருந்தாரு. இதவிட முக்கியம், அரசு செம்பு கம்பெனியோட ஏற்றுமதி வருமானத்துல 10 சதவீதம் நேரா ராணுவத்துக்கு போச்சு. நம்ம நீலகிரி வெலிங்டன்ல ஆர்மிய தெனம் பாக்குற நம்மாளுங்களுக்கு இது அதிர்ச்சியா இருக்கும், இங்க அவங்க பணம் பார்லிமென்ட் வழியாத்தான வருது.

அர்ஜென்டினா வேற கதை, 1982ல பிரிட்டன்கூட நடந்த ஃபாக்லாந்து தீவு போர்ல தோத்ததால ராணுவத்துக்கு பேரம் பேச தெம்பே இல்ல, 1985ல ஜெனரலுங்க கோர்ட்ல நின்னாங்க. யாராச்சும் கேட்டா இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு சொல்லுங்க.