புது பற்றரி போட்டும் காலையில் ஸ்டார்ட் ஆகாத மாருதி: எங்கே தேடுவது?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில், கடலோர மரைன் டிரைவ் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருக்கிறோம். எங்களுடையது 2004 மாருதி 800. இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் மூன்றாம் நாள் காலை 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும்தான் வருகிறது. இரவில் சிக்னல் போட்டால் ஹெட்லைட்டும் அதோடு சேர்ந்து மங்கி மங்கி எரிகிறது. கராஜில் புது பற்றரி போட்டார்கள். ஒரு மாதம் நன்றாக இருந்தது, பிறகு பழையபடிதான். இப்போது பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டனேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். முதலில் அளந்து பார்ப்போம்.

நீங்கள் எழுதியதை வாசித்தால் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் போலத் தெரிகிறது. கார் நிற்கும்போது எதுவோ கரண்டை இழுக்கிறது, அது ஒன்று. லைட் மங்குவது பெரும்பாலும் எர்த் கோளாறு, அதாவது கரண்ட் காரின் இரும்பு உடல் வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் பாதையில் உள்ள குறை, அது வேறு. கராஜில் இரண்டையும் ஒரே முறைப்பாடாக எடுத்துக்கொண்டு 'சார்ஜ் பத்தவில்லை' என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். புது பற்றரி ஒரு மாதம் ஓடியதற்கும் காரணம் இருக்கிறது. ஓட்டைத் தாங்கிக்குப் புதிதாகத் தண்ணீர் நிரப்பினால் கொஞ்ச நாள் வரத்தானே செய்யும். அதோடு, ஸ்டார்ட் எடுப்பதற்கென்று செய்யப்பட்ட பற்றரி அடிமட்டம் வரை இறங்குவதைத் தாங்காது. நாலைந்து முறை அப்படி இறங்கினால் புதியதும் பழையதாகிவிடும்.

2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்தச் சின்னக் கார்களை எல்லோரும் பொத்திப் பொத்தி வைத்து ஓட்டினோம். அப்படி வைத்திருந்த காரில் நல்லபடி வேலை செய்யும் சாமானைக் கழற்றிவிட்டு, பஞ்சிகாவத்தையில் எந்தக் காரில் எவ்வளவு ஓடியது என்று தெரியாத ஒன்றை வாங்கிப் பூட்டுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. உங்கள் ஆல்டனேட்டர் பிழை என்று மீற்றர் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்.

தேவையான சாமான் ஒன்றுதான்: டிஜிட்டல் மல்டிமீற்றர். புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் சாதாரணமானது கிடைக்கும். டிசி 10 அம்பியர் வரை அளக்கக்கூடியதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

காலையில், காரைத் தொடுவதற்கு முன்பே, பற்றரியை அளவுங்கள். 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்த பற்றரி. 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. மீற்றர் முனையை வயரின் கிளாம்பில் வைக்காமல் பற்றரியின் ஈயக் குற்றியிலேயே வையுங்கள். கிளாம்புக்கும் குற்றிக்கும் இடையில் வெள்ளைப் பூப்போலப் படிந்திருந்தால் பற்றரி எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. அதைச் சோதிக்கச் சின்ன வழி ஒன்று உண்டு. ஒரு முனையைக் குற்றியிலும் மறு முனையை அதே குற்றியைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையில் ஒன்றுமே காட்டக்கூடாது. 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பிடி சரியில்லை. அப்பச்சோடா கரைத்த தண்ணீர் ஊற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டு, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் வாசலின் பூசுங்கள். கழற்றும்போது முதலில் கறுப்பு, பூட்டும்போது கடைசியில் கறுப்பு.

'டக்' என்ற சத்தம் வரும் அந்த நொடியில் பற்றரி என்ன காட்டுகிறது என்பதும் முக்கியம். 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரியில் சார்ஜ் இல்லை, அல்லது பற்றரியே போய்விட்டது. 12லேயே அசையாமல் நின்றால் பற்றரியைக் குறை சொல்லாதீர்கள். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த வயர், இஞ்சினுக்கு வரும் எர்த் வயர், ஸ்டார்ட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சொலினோயிட் இவற்றில் ஒன்றுதான் பிழை.

இனி ஆல்டனேட்டர். இஞ்சினை ஸ்டார்ட் செய்து பற்றரியில் அளந்தால் 13.8க்கும் 14.5க்கும் இடையில் வரவேண்டும். பிறகு ஹெட்லைட், ஏசி, வைப்பர் எல்லாவற்றையும் போடுங்கள். ஐட்லிங்கில் கொஞ்சம் இறங்கும். கொழும்பு–காலி வீதியில் மாலை நேர நெரிசலில் ஊரும்போது சின்னக் காரின் ஆல்டனேட்டருக்கு இவ்வளவு சுமையைத் தாங்குவது கஷ்டம்தான். ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் கொண்டுவந்ததும் மறுபடி 13.5க்கு மேல் ஏறிவிட வேண்டும். ஏறினால் சார்ஜ் பகுதியில் பெரிய குறை இல்லை. ஏறாவிட்டால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். தளர்ந்து கண்ணாடி போல வழுவழுப்பாகியிருந்தால் கீச்சென்று சத்தமும் வரும். 15ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பிழை, அது பற்றரியைக் கொதிக்க வைத்துவிடும். மீற்றரை ஏசி (மாறுமின்னோட்ட) வோல்ட்டுக்கு மாற்றி ஒரு தடவை அளவுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டனேட்டருக்கு உள்ளே ஏசி கரண்டை டிசியாக மாற்றும் டயோட் ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றி 'நிற்குதா பார்ப்போம்' என்று சோதிப்பதை இன்னும் பல கராஜ்களில் செய்கிறார்கள். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள். உங்கள் காரில் இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி இருக்கலாம். வயர் கழன்ற நொடியில் பாயும் உயர் வோல்டேஜ் அந்தப் பெட்டியையும், நன்றாக இருந்த ஆல்டனேட்டரையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

ஹெட்லைட் விஷயத்துக்கு வருவோம். எனக்கு இதில்தான் சந்தேகம் அதிகம். இஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் சிக்னலும் போட்டு, மீற்றரைப் பற்றரியில் வையுங்கள். சிக்னல் மின்னும்போது பற்றரி வோல்டேஜும் கூடவே ஏறி இறங்குகிறதா? அப்படியென்றால் சார்ஜ் பலவீனம், கராஜில் சொன்னதில் உண்மை இருக்கலாம். பற்றரி அசையாமல் நிற்க, லைட் மட்டும் மங்குகிறதா? அப்போது கோளாறு பற்றரிக்கும் லைட்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, ஆல்டனேட்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த ஒரு சோதனையே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில்.

நடுவில் எங்கே என்று பிடிக்க, மீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரியின் கறுப்புக் குற்றியிலும் சிவப்பு முனையை ஹெட்லைட்டின் எர்த் வயர் பூட்டியிருக்கும் இடத்திலும் வையுங்கள். லைட் எரிந்தபடி இருக்க வேண்டும். அணைத்துவிட்டு அளந்தால் எல்லாம் சரி போலத்தான் காட்டும், கரண்ட் ஓடும்போதுதான் குறை வெளியே வரும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டி, சிக்னல் மின்னும்போதெல்லாம் அது எகிறினால், சிக்னலும் ஹெட்லைட்டும் ஒரே எர்த்தில் நிற்கின்றன, அந்த எர்த் துருப்பிடித்திருக்கிறது. ஒரு வோல்ட் தானே என்று விட்டுவிடாதீர்கள். பல்ப்புக்கு வரும் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இரவு மழையில் பாதசாரிக் கடவையைக் கண்டுபிடிப்பதற்கும் தவறவிடுவதற்கும் இடையிலான வித்தியாசம் அது.

மரைன் டிரைவ் பக்கம் நிற்கிற கார் என்று எழுதியதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கடற்காற்றிலுள்ள உப்பு முதலில் தேடிப்போவது காரின் பொடியில் (இரும்பு உடலில்) போல்ட் போட்டுப் பூட்டிய இந்த எர்த் வளையங்களைத்தான். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. போல்ட்டைக் கழற்றினால் வளையத்துக்கு அடியில் செம்பழுப்புத் தூள் கொட்டும். உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, வளையத்தையும் தேய்த்து, இறுக்கி, வாசலின் பூசிவிடுங்கள். வயரின் உறையைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். உள்ளே செப்பு பச்சையாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால் நல்ல செப்பு தெரியும் இடம் வரை வெட்டிவிட்டுப் புது வளையம் போட வேண்டும். பற்றரியிலிருந்து பொடிக்கும் இஞ்சினுக்கும் போகும் தடித்த எர்த் வயர்களையும் இதே கையோடு பாருங்கள். சாவி திருப்பும்போது இஞ்சின் இரும்புக்கும் கறுப்புக் குற்றிக்கும் இடையில் அரை வோல்ட்டைத் தாண்டினால், காலைச் சத்தத்துக்கு அதுவும் ஒரு பங்காளி.

எர்த் பக்கம் சுத்தமாக இருந்தால் சிவப்புக் குற்றிக்கும் பல்ப்பின் நேர் முனைக்கும் இடையில் அளவுங்கள். அங்கே நட்டம் அதிகம் என்றால் லைட் சுவிட்ச் உள்ளே கருகியிருக்கலாம். கொஞ்ச நேரம் லைட் போட்டுவிட்டு சுவிட்சைத் தொட்டால் சூடு தெரியும். 60/55 வாட் பல்ப் போட வேண்டிய இடத்தில் 100 வாட் போட்டவர்களின் கார்களில் இது சகஜம்.

கடைசியாக, நிற்கும்போது ஓடும் கரண்ட். கதவுகளைச் சாத்தி, ஒரு கண்ணாடியை இறக்கி வையுங்கள், சாவி உள்ளே சிக்கிக்கொள்ளாமல் இருக்கும். பொனட்டைத் திறந்து, கறுப்பு வயரைப் பற்றரியிலிருந்து கழற்றி, மீற்றரை 10 அம்பியருக்கு மாற்றி, வயருக்கும் குற்றிக்கும் நடுவில் சேருங்கள். சேர்த்த பிறகு சாவியைத் தொடவே கூடாது, ஸ்டார்ட் எடுத்தால் மீற்றரின் பியூஸ் அந்த நொடியே போய்விடும். அலாரம் இருந்தால் அது உறங்க இருபது நிமிடம் கொடுங்கள். 50 மில்லி அம்பியருக்குள் வந்தால் பிரச்சினை இல்லை. 400 மில்லி அம்பியர் (மீற்றரில் 0.40) காட்டினால் அது ஐந்து வாட் பல்ப் ஒன்று எரியும் அளவு. உங்கள் பற்றரி 35 அம்பியர் மணி என்று வைத்துக்கொண்டால், இரண்டு நாளில் பாதிக்கு மேல் காலி. நீங்கள் சொன்ன கணக்கோடு அப்படியே பொருந்துகிறது.

பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீற்றரைப் பாருங்கள். எதைக் கழற்றியதும் இறங்குகிறதோ, கோளாறு அந்த வழியில் இருக்கிறது. டிக்கியைச் சாத்தியும் அணையாத லைட், கதவுச் சுவிட்ச், பிற்பாடு பூட்டிய ரேடியோ, டாஷ்கேம் என்று தேடுங்கள். என்னைக் கேட்டால் முதலில் அலாரத்தையும் சென்ட்ரல் லாக்கையும் பார்க்கச் சொல்வேன். கார் வந்த பிறகு பூட்டுபவர்கள் வயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கள் வெக்கைக்குப் பசை உருகி டேப் கழன்றுவிடும், முன்கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் நேரே அந்த மூட்டில் போய் நிற்கும்.

எல்லாப் பியூஸையும் கழற்றியும் இறங்கவில்லை என்றால், பியூஸ் பெட்டி வழியாகப் போகாதவைதான் மிச்சம்: பற்றரியில் நேரே கொடுத்த அலாரம் வயர், ஸ்டார்ட்டர், ஆல்டனேட்டர். இரவு முழுக்க நின்ற காரின் ஆல்டனேட்டரைக் காலையில் தொட்டால் இளஞ்சூடாக இருக்கிறதா? பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு ஆல்டனேட்டரின் தடித்த வயரைக் கழற்றி, அதன் முனை எங்கும் படாமல் டேப் சுற்றி, மறுபடி அளவுங்கள். கரண்ட் சட்டென்று விழுந்தால் டயோட் கசிகிறது. அப்போது கராஜில் சொன்னபடி ஆல்டனேட்டரில்தான் வேலை இருக்கிறது. அதற்கும் முழுதாக மாற்றுவதுதான் வழி என்றில்லை, ஆல்டனேட்டர் திருத்துபவர்கள் டயோட் தட்டை மட்டும் மாற்றித் தருவார்கள்.

தேடும்போது பியூஸ் ஏதாவது எரிந்தால் அதே அம்பியரில்தான் மாற்ற வேண்டும். 15 இருந்த இடத்தில் 30 போட்டாலோ ஈயத்தாள் சுற்றினாலோ அடுத்து எரிவது வயர்.

பிழையைத் திருத்திய பிறகு, அந்தப் பற்றரியை ஒரு சார்ஜரில் இரவு முழுக்கப் போட்டு நிரப்புங்கள். வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை போய்வருகிற ஓட்டத்தில் அது ஒருபோதும் நிறையாது. நிறைந்ததும் வாங்கிய கடைக்குக் கொண்டுபோய், சுமை கொடுத்துச் சோதிக்கும் லோட் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அதில் தோற்றால் உத்தரவாதக் காலம் முடிவதற்குள் பேசிவிடுங்கள். கேட்டால் காட்டுவதற்கு, நீங்கள் எடுத்த அளவுகளையெல்லாம் திகதியோடு ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள்.