அக்டோபர் 31 லீவுக்கு கோயிலுக்குப் போலாமா, பாஷை தெரியாம?

தம்பி, ஜெர்மனில ஹாலே வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, ஊர்ல டிஇஎல்சி (தமிழ் லுத்தரன் திருச்சபை) சபைல வளர்ந்தேன், மார்ட்டின் லூதர் சபைச் சீர்திருத்தத்தை ஆரம்பிச்சதை நினைக்கிற சீர்திருத்தத் திருநாளுக்கு இங்க லீவுன்னதும் கோயிலுக்குப் போகணும்னு ஆசையா இருக்கு, ஆனா ஜெர்மன் அரைகுறை, தனியா போயி உக்காந்தா ஒரு மாதிரி பாப்பாங்களோ, பேசாம விட்டன்பெர்க் போயி லூதர் கோயிலைப் பாத்துட்டு வந்துரவா அக்கான்னு கேட்டிருந்த. உன் வீட்டுப் பக்கத்துல இருக்கிற சபைக்கே போப்பா. விட்டன்பெர்க் எங்கயும் ஓடிப் போகாது.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ. லூதர் பொறந்து வளந்த நாடாச்சே, அன்னைக்கு ஊரே கோயில்ல இருக்கும்னு நினைச்சுட்டுப் போகாத. இங்க கிழக்கு ஜெர்மனில பாதிக்கு மேல ஜனங்க எந்த மதத்துலயும் இல்லாதவங்க. கம்யூனிஸ்ட் ஆட்சில 1967ல இந்த லீவையே எடுத்துட்டாங்க, சபைக்குப் போற வீட்டுப் பிள்ளைகளுக்கு மேல்படிப்பு கிடைக்கிறதே கஷ்டமா இருந்த காலம் அது. அப்பவும் விடாம வந்தவங்கதான் இன்னைக்கு முன் பெஞ்சுல உக்காந்திருக்கிற தாத்தா பாட்டிங்க. அந்த மாதிரி ஒரு சபைக்குள்ள ஒரு வாலிபப் பையன் புதுசா நுழைஞ்சா யாரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க, சந்தோஷப்படுவாங்க, எங்க சபைல நான் கண்ணால பாத்துட்டுதான் சொல்றேன்.

ஆராதனை பெரும்பாலும் காலைல 10 மணிக்கு, சில இடத்துல ரெண்டு மூணு சபை சேந்து சாயங்காலம் வைப்பாங்க, கதவுல ஒட்டியிருக்கிற பேப்பரை முந்தின வாரமே பாத்து வச்சுக்கோ. செருப்பைக் கழட்ட வேண்டாம், கோட்டும் போட்டே இரு, அந்தப் பழைய கல் கட்டடத்துக்குள்ள அக்டோபர் கடைசில நல்லா குளிரும். பீடத்துத் துணி அன்னைக்கு சிவப்பா மாறியிருக்கும். வாசல்ல பாட்டுப் புஸ்தகம் இருக்கும், எடுத்துக்கோ. செவுத்துல பலகைல பாட்டு நம்பர் போட்டிருப்பாங்க, அதுல 362ன்னு ஒண்ணு அனேகமா இருக்கும், லூதர் 46ம் சங்கீதத்தை வச்சு எழுதுன பாட்டு. நம்ம ஊர்ல பாட்டுன்னா எழுந்து நிப்போம், இங்க பாடுறப்ப உக்காந்துதான் இருப்பாங்க, வேத வாசிப்புக்கும் ஜெபத்துக்கும் எழுந்துப்பாங்க. ஆனா 362 வரும்போது பாரு, என் பக்கத்துல உக்கார்ற அம்மாவுக்கு எண்பது வயசுக்கு மேல, புஸ்தகத்தை மூடி மடியில வச்சுட்டு நாலு சரணமும் பாடுவாங்க, குரல் நடுங்கும், ஒரு வார்த்தை தப்பாது. எனக்கு ஒவ்வொரு வருஷமும் கண்ணு கலங்கிரும்.

பாஷையைப் பத்தி நீ ரொம்பக் கவலைப்படாத. நம்ம ஞானப்பாட்டுப் புஸ்தகத்துல எத்தனையோ பாட்டு ஜெர்மன்ல இருந்து வந்தது, மிஷனரி பப்ரிசியஸ் ஐயர் மொழிபெயர்த்ததுதான், அவரும் இதே ஹாலேல படிச்சவர். அதனால ஆர்கன் ரெண்டு வரி வாசிச்சதும் ராகம் உனக்கே பிடிபட்டுரும், பாட்டி வீட்டுல பாடின ராகம். வார்த்தை வரலன்னா தமிழ்லயே மெதுவா பாடு. பரமண்டல ஜெபம் சொல்லும்போது கோபுரத்துல மணி அடிக்க ஆரம்பிக்கும், அப்ப எல்லாரும் சேந்து சத்தமா சொல்லுவாங்க, நான் இன்னைக்கு வரைக்கும் அதைத் தமிழ்லதான் சொல்றேன், ஜெர்மன் நல்லாவே வரும், இருந்தாலும் அது மட்டும் தமிழ்லதான் வாயில வருது. ராப்போஜனம் (அப்பமும் ரசமும் வாங்குறது) இருந்தா பீடத்தைச் சுத்தி அரைவட்டமா நிப்பாங்க, நீ திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) எடுத்தவன், தாராளமா போய் நில்லு. காணிக்கை பெரும்பாலும் வெளிய போறப்ப வாசல்லதான், சில்லறை வச்சுக்கோ.

முடிஞ்சதும் காபி வச்சிருந்தா உடனே கிளம்பிராத! அங்கதான் உன்கிட்ட வந்து பேசுவாங்க. எந்த ஊருன்னு கேட்டா இந்தியான்னு மட்டும் சொல்லி நிறுத்தாம தரங்கம்பாடி சபை வழி வந்தவன்னு சொல்லு. தரங்கம்பாடியை ட்ராங்கபார்னு சொன்னா சபைல பழைய ஆட்கள் நிறைய பேருக்குத் தெரியும். 1706ல தரங்கம்பாடில வந்து இறங்குன மிஷனரி சீகன்பால்கு ஐயர் படிச்சது இந்த ஊர்ல, அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிக்க முதல்ல போன தமிழ் எழுத்து அச்சு வார்த்ததும் இங்கதான். இங்க இருக்கிற பிராங்கே நிறுவனத்துல (பழைய மிஷன் ஆவணங்களை வச்சிருக்கிற இடம்) நம்ம ஓலைச்சுவடிங்க இன்னும் பத்திரமா இருக்கு, ஒருநாள் விசாரிச்சுட்டுப் போய்ப் பாரு. அதனால நீ இந்த ஊருக்கு வேத்தாள் இல்ல, அந்தத் தெம்போட போ.

விட்டன்பெர்க் இங்கருந்து ரீஜனல் ரயில்ல ஒரு மணி நேரம் முன்ன பின்ன, மாசாமாசம் எடுக்கிற டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும். ஆனா 31ம் தேதி அங்க திருவிழாக் கூட்டம், நீ சொன்ன அந்த லூதர் கோயில், அதான் அரண்மனைக் கோயில், அதுக்குள்ள நின்னு ஒரு ஜெபம் பண்ணக்கூட நிம்மதி இருக்காது. 1517ல லூதர் சபையைக் கேள்வி கேட்டு எழுதுன 95 வாசகத்தை ஆணி அடிச்சதா சொல்ற அந்தக் கதவு இப்ப இருக்கிறது பழசு இல்ல, 1858ல வச்ச வெண்கலக் கதவு, வாசகம் எல்லாம் அதுலயே பொறிச்சிருக்கும். லூதர் கல்லறை உள்ளதான் இருக்கு. நவம்பர்ல ஒரு சாதாரண நாள் போ, பொறுமையா பாக்கலாம். அவரோட மரண முகமூடி (இறந்தப்புறம் முகத்துல எடுத்த அச்சு) நம்ம ஹாலே மார்க்கெட் சர்ச்லயே இருக்குங்கிறது உனக்குத் தெரியுமோ என்னவோ, அதை முதல்ல பாரு.

அப்புறம் வரி. வீட்டு அட்ரஸ் பதிஞ்சப்ப மதம்னு கேட்ட இடத்துல இவாஞ்சலிஷ், அதாவது புராட்டஸ்டன்ட்னு போட்டிருந்தா சர்ச் வரி பிடிப்பாங்க, சம்பளத்துல 9% இல்ல, நீ கட்டுற வருமான வரில 9%. வாசல் திறந்துதான் இருக்கும், வரி கட்டுனாதான் உள்ள விடுவாங்கன்னு எவனாவது சொன்னா நம்பாத. நான் மனசார கட்டுறேன், சபைல உறுப்பினரா இருக்கணுமான்னு நீ உன் கையிருப்பைப் பாத்து முடிவு பண்ணு.

முந்தின நாளே அரிசி, பால் வாங்கி வச்சுரு, கடை எல்லாம் மூடிருவாங்க. பேக்கரில நடுவுல ஜாம் வச்ச ஒரு இனிப்பு பன் இந்த நாளுக்குன்னே போடுவாங்க, அதையும் ரெண்டு வாங்கிக்கோ. அன்னைக்கு சாயங்காலம் ஹாலோவீன் பிள்ளைங்க மணி அடிச்சா கொடுக்க மிட்டாயும். எந்த ஏரியால இருக்கன்னு சொல்லு, பக்கத்து சபை எதுன்னு பாத்து சொல்றேன், எங்க பக்கம்னா என்கூடவே வந்து உக்காரு.