ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி

அன்புள்ள ஆலோசகருக்கு,

வணக்கம். எனக்கு 63 வயது. மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். கத்தோலிக்கக் குடும்பம். என் பெயரைப் போட வேண்டாம்.

2003 முதல் 2006 வரை பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் துப்புரவுக் குத்தகையை எடுத்திருந்த ஒருவரிடம் மண்டோராக, அதாவது மேஸ்திரியாக, வேலை பார்த்தேன். என் கீழே 12 பெண்கள். எல்லாரும் நம் ஆட்கள். தோட்டம் விற்றுப் போனதால் டவுனுக்கு வந்தவர்கள். விடிவதற்கு முன்பே பஸ் ஏறிப் பினாங்குப் பாலத்தைத் தாண்டித் தீவுக்கு வருவார்கள். நாள் சம்பளம் 18 வெள்ளி (ரிங்கிட்). மாதக் கடைசியில் பணத்தைக் கவரில் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. ‘சோப்புக் காசு’ என்று சொல்லி, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி பிடித்துக்கொண்டேன். சோப்பெல்லாம் தொழிற்சாலையே கொடுத்தது. அந்தப் பணம் என் பைக்குப் போனது. மூன்று வருடமும் அப்படித்தான்.

ஒரு பெண் மட்டும் ஒரு நாள் கவரை எண்ணிப் பார்த்துவிட்டு, “அண்ணே, 26 வெள்ளி குறையுதே?” என்று கேட்டார். எல்லார் முன்னாலும் நான், “உனக்கு வேலை வேணுமா, வேணாமா?” என்றேன். அவர் கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். பிறகு யாரும் கேட்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்து வந்தபோது தவக்காலம். பல வருடம் கழித்துப் பாவசங்கீர்த்தனம் செய்து, என் பாவத்தைச் சாமியாரிடம் சொன்னேன். சாமியார் பொறுமையாகக் கேட்டார். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வழி தேடுங்கள் என்றும் சொன்னார். அவர்களை எங்கே போய்த் தேடுவது? ஏழைகளுக்குக் கொடுத்தால் ஆண்டவருக்குக் கொடுத்த மாதிரிதானே என்று நினைத்து, சனிக்கிழமைதோறும் சோற்றுப் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்தேன். முதலில் 40 பொட்டலம், அப்புறம் 60, இப்போது 80. வாரத்துக்கு 300 வெள்ளி ஆகிறது. இபிஎஃப் ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்திலிருந்து எடுக்கிறேன். என் மனைவி காலை மூன்று மணிக்கே எழுந்து சமைக்கிறாள். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தலும் கொடுக்கிறோம்.

மூன்று மாதத்துக்கு முன் காலைப் பாசாரில் இடியப்பம் வாங்க நின்றேன். கடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். அவரேதான். தலை நரைத்திருக்கிறது. “அண்ணே! நல்லா இருக்கீங்களா? பசியாறிட்டீங்களா?” என்று கேட்டு, ஐந்து இடியப்பம் எடுத்து, தேங்காய்ப் பூவும் சர்க்கரையும் தனியாகக் கட்டிக் கொடுத்தார். பத்து வெள்ளித் தாளை நீட்டினேன். “உங்ககிட்ட காசா? கொண்டு போங்கண்ணே” என்று என் கையை மடக்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அதைத் தின்ன முடியவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். அதிலிருந்து அந்தப் பாசார் பக்கமே போவதில்லை, சுற்றிக்கொண்டு வேறு பாசாருக்குப் போகிறேன். சனிக்கிழமை பொட்டலம் கொடுத்த பிறகு மனசு லேசாகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே மறுபடி கனத்துவிடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை. சேமிப்பு கரைகிறது என்று மனைவி சொல்கிறாள். ஏன் கொடுக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. பொட்டலத்தை 100 ஆக்கலாமா என்று யோசிக்கிறேன். அந்தச் சம்பள நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. தூக்கிப் போடக் கை வரவில்லை.

நான் மனந்திரும்பியது உண்மைதானா? இன்னும் என்ன செய்தால் எனக்கு நிம்மதி வரும்?

பட்டர்வொர்த் வாசகர்

*

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்த மடித்த கவரில் வந்துதான் நின்றேன். இருபது வருடத்துக்கு முன் ஒரு பெண் கவரை எந்த இடத்தில் செருகினார் என்பதுவரை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. மனம் மரத்துப்போனவருக்கு அது ஞாபகம் இருக்காது. உங்கள் மனந்திரும்புதல் பொய் என்று நான் நினைக்கவில்லை. பாதி வழியில் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

உங்களைப் போலவே நானும் ஞாயிறுதோறும் கோவிலுக்குப் போகிறவள். அதனால் வேதத்திலிருந்தே தொடங்குகிறேன். லூக்கா நற்செய்தி மூன்றாம் அதிகாரத்தில் திருமுழுக்கு யோவானிடம் மூன்று கூட்டத்தார் வருகிறார்கள். மூவரும் கேட்பது ஒரே கேள்வி: நாங்கள் என்ன செய்ய வேண்டும்? பொதுமக்களிடம், இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும், சோறு வைத்திருப்பவரும் அப்படியே செய்யட்டும் என்கிறார். வரி வசூலிக்கிறவர்கள் கேட்டபோது அங்கியைப் பற்றிப் பேசவே இல்லை. உங்களுக்குக் குறித்த தொகைக்கு மேல் வாங்காதீர்கள் என்கிறார். படைவீரர்களிடம், மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், உங்கள் சம்பளமே போதும் என்றிருங்கள் என்கிறார். அவரவர் கை எங்கே தப்பு செய்ததோ, அங்கேயே தொட்டுச் சொல்கிறார்.

ஐயா, நீங்கள் நிற்க வேண்டியது இரண்டாவது, மூன்றாவது வரிசைகளில். நீங்களோ முதல் வரிசைக்குச் சொன்ன பதிலை எடுத்துக்கொண்டு இரண்டு வருடமாகப் பாடுபடுகிறீர்கள். சோறு கொடுப்பது நல்ல காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் மனசு கேட்டது வேறு. அதனால்தான் ஞாயிறு சாயங்காலமே அது திரும்பி வருகிறது.

இதை நான் தினமும் பார்க்கிறேன். ஒரு காரியத்தை நேரில் சந்திக்கப் பயந்து வேறொன்றைச் செய்யும்போது கொஞ்ச நேரம் ஆறுதல் கிடைக்கும். கிடைத்த ஆறுதல் சீக்கிரம் தீர்ந்துவிடும். அடுத்த தடவை இன்னும் அதிகம் செய்ய வேண்டியிருக்கும். 40, 60, 80, இப்போது 100. இந்த எண்ணிக்கை தானாக ஓர் இடத்தில் நிற்காது. அமெரிக்க உளவியலாளர் ஜூன் டாங்னி குற்ற உணர்வையும் வெட்கத்தையும் பிரித்துப் பார்த்துப் பல வருடம் ஆராய்ந்தவர். ‘நான் செய்தது தப்பு’ என்று நினைப்பவர் அதைச் சரிசெய்யப் பார்ப்பார், ‘நானே கெட்டவன்’ என்று நினைப்பவர் ஒளிந்துகொள்ளப் பார்ப்பார் என்பது அவர் கண்டது. நீங்கள் பாசாரைச் சுற்றிக்கொண்டு போகிறீர்கள். உங்களைப் பிடித்திருப்பது வெட்கம்.

சரி, கணக்குக்கு வருவோம். மூன்று பக்கக் கடிதத்தில் மொத்தம் எவ்வளவு எடுத்தீர்கள் என்று ஓர் இடத்திலும் இல்லை. நான் போட்டுப் பார்த்தேன். மாதம் 26 நாள், வருடம் 12 மாதம், மூன்று வருடம். ஆளுக்கு 936 வெள்ளி. அன்றைய 18 வெள்ளிச் சம்பளத்தில் அது சரியாக 52 நாள் கூலி. அந்தம்மா இரண்டு மாதம் உங்களுக்காகச் சும்மா கூட்டிப் பெருக்கியிருக்கிறார். 12 பேருக்கும் சேர்த்து 11,232 வெள்ளி.

இப்போது மற்றப் பக்கம். குறைத்து, வாரம் 200 வெள்ளி என்று வைத்தாலும் இரண்டு வருடத்தில் நீங்கள் கொடுத்தது 20,000 வெள்ளியைத் தாண்டுகிறது. எடுத்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதில் ஒரு காசுகூட அந்தப் பன்னிரண்டு பேரில் யாருக்கும் போய்ச் சேரவில்லை. இதை எழுதும்போது எனக்கே வருத்தமாக இருக்கிறது. உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. உங்களுக்குக் கொடுக்கும் மனசு இருக்கிறது, பணமும் ஓரளவு இருக்கிறது. முகவரிதான் மாறிவிட்டது.

எவ்வளவு திருப்பிக் கொடுப்பது? மோசேயின் சட்டத்தில், பிறனுக்குச் செய்த தப்பை அறிக்கையிடுபவர் எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். அப்படியென்றால் ஆளுக்கு 1,123 வெள்ளி 20 காசு. அதே லூக்கா நற்செய்தியில், எரிகோவில் வரி வசூலித்த சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் தருகிறேன் என்றார். அது 3,744 வெள்ளி. பெரிய தொகையாகத் தெரியலாம். ஆனால் 2025 முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அன்று அந்தம்மா இழந்த இரண்டு மாத உழைப்புக்கு இன்று 3,400 வெள்ளி. சக்கேயுவின் கணக்கு அதன் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது. எதைக் கொடுப்பது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். 936 மட்டும் கொடுத்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

சனிக்கிழமைச் சமையலை ஒரு மூன்று மாதம் நிறுத்தினாலே 3,900 வெள்ளி கையில் நிற்கும். சாப்பிட வருகிறவர்கள் பசியோடு திரும்பக்கூடாது. உங்கள் பங்குக் கோவிலில், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினர் இருந்தால் முன்கூட்டியே சொல்லி அவர்களிடம் ஒப்படையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். மூன்று மணிக்கு எழுந்து 80 பேருக்குச் சமைப்பது உங்கள் மனைவி. காரணம் தெரியாமலே இரண்டு வருடமாகச் சமைக்கிறார், அதுவும் தன் முதுமைக்கான சேமிப்பைச் செலவழித்து. இங்கேயும் வேறொரு பெண்ணின் உழைப்பில்தான் உங்கள் கணக்கை நேர்செய்யப் பார்க்கிறீர்கள். அவரிடம் முதலில் சொல்லுங்கள். இரவில் சொல்ல வேண்டாம், பகலில் உட்கார்ந்து முழுவதையும் சொல்லுங்கள். கோபப்படலாம், சில நாள் பேசாமலும் இருக்கலாம். அந்த நாட்களில் பெரிய பானைகளை நீங்கள் கழுவி வையுங்கள்.

அப்புறம் அந்தம்மாவிடம் போங்கள். கடை நேரத்தில், ஆட்கள் நிற்கும்போது வேண்டாம். அன்று எல்லார் முன்னாலும் மிரட்டினீர்கள், ஆனால் இன்று எல்லார் முன்னாலும் காலில் விழுந்தால் அதுவும் அவருக்குச் சங்கடம்தான். கடையைக் கட்டும் நேரத்தில் போய், “ஒரு விஷயம் பேசணும்மா, எப்ப வரட்டும்?” என்று கேளுங்கள். நேரத்தையும் இடத்தையும் அவர் சொல்லட்டும். பேசும்போது நெஞ்சு ஆபரேஷனில் ஆரம்பிக்காதீர்கள், உங்கள்மேல் பரிதாபம் வந்துவிடும். “சோப்புக் காசுன்னு பிடிச்சது பொய். நான்தான் எடுத்தேன். நீங்க கேட்டது நியாயம். நான் மிரட்டினது தப்பு. இது உங்க காசு.” இவ்வளவு போதும். ‘உதவி’, ‘அன்பளிப்பு’ என்ற சொற்கள் வாயில் வரக்கூடாது.

அவர் அழலாம். திட்டலாம். “அப்பவே தெரியும்ணே” என்றும் சொல்லலாம். தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வெளியில் சொல்லியும் விடலாம், அதைத் தடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. மன்னித்தேன் என்று சொல்லுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அது அவரிடம் இன்னொன்றைப் பிடுங்குவது. கோவிலில் சாட்சியாகவும் இதைச் சொல்ல வேண்டாம். பாதிக் கதை அவருடையது.

நீங்கள் தின்னாமல் பக்கத்து வீட்டில் கொடுத்த அந்த இடியப்பம் என் மனசைவிட்டுப் போகவே இல்லை. சக்கேயு கதையில் எது முதலில் நடந்தது என்று பாருங்கள். காட்டத்தி மரத்தில் ஏறியிருந்தவரை இயேசு நிமிர்ந்து பார்த்து, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். நான்கு மடங்கு திருப்பித் தருகிறேன் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. தன்னைத் தேடி ஒருவர் தன் வீட்டுக்கே வந்ததில் அவர் மனசு இளகிவிட்டது. உங்களுக்கும் ஒருவர் பசியாறத் தந்தார். 18 வெள்ளியில் ஒன்றைப் பறிகொடுத்தவர், ஐந்து இடியப்பத்தை உங்கள் கையில் வைத்து மடக்கினார். நீங்கள் 80 பேருக்குக் கொடுக்கிறீர்கள், ஒருவரிடமிருந்து வாங்கத் தெரியவில்லை. மறுபடி தந்தால் வாங்கி, அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

மூன்று மாதம் கழித்துச் சனிக்கிழமைச் சமையலைத் தொடர வேண்டுமென்றால் பத்துப் பொட்டலத்தில் தொடருங்கள். பத்துப் பேரின் பெயரும் தெரியட்டும், அவர்களோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். யோவான் கேட்டது இரண்டு அங்கியில் ஒன்றை, கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பவருக்கு. உங்கள் குடியிருப்புப் பகுதியைக் கூட்டுகிறவரும் யாரோ ஒரு மண்டோரிடம் சம்பளம் வாங்குகிறவர்தான். காலையில் தேத்தண்ணீர் கலக்கும்போது அவருக்கும் ஒரு கிளாஸ் கலந்து கொடுங்கள்.

அந்தம்மாவைச் சந்தித்த பிறகும் இரண்டு மணி விழிப்பு நிற்கவில்லை என்றால், பக்கத்து அரசாங்க கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லுங்கள். நெஞ்சு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மனச்சோர்வு வருவதுண்டு, அதற்கு மருந்தும் உண்டு.

மற்றப் பதினொரு பேரை எங்கே தேடுவது என்றுதானே முதலில் மலைத்தீர்கள்? ஒரே பஸ்ஸில் வந்தவர்கள், யார் எங்கே இருக்கிறார் என்று அந்தம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள். மாதம் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறந்துபோனவர்களின் பங்கு அவர்கள் பிள்ளைகளுக்குச் சேர வேண்டும். யார் எங்கே என்றே கண்டுபிடிக்க முடியாதவர்களின் பங்கை அவர்கள் பெயரால் ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்று இறையியலாளர் புனித தோமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே சொல்லியிருக்கிறார். ஆனால் அது தேடிப் பார்த்த பிறகு.

அலமாரியில் இருக்கும் சம்பள நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். பன்னிரண்டு பெயரும் அதில் இருக்கும்.